உடுமலைக்கு வந்த கப்பல்

ரிப்பேருக்கு வந்த பம்பைக் கழற்றியபோது முதலில் வெளியே வந்தது வாடைதான். சாக்கடை வாடை இல்லை, அழுகின சேற்று வாடையும் இல்லை. சைத்ரா குனிந்து இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தாள். கல்யாணமான புதிதில் கன்னியாகுமரிக்குப் போனபோது படகுத்துறையில் நின்றாளே, அங்கே அடித்த அதே வாடை.

"பாய், இது யாரோட பம்புங்க?"

அப்துல் மஜீத் திருகாணிகளைத் தட்டில் போட்டுக்கொண்டே நிமிர்ந்தார். பட்டறையில் நெடுநாளாக இருக்கும் ஃபிட்டர். "உடுமலைப்பேட்டை சாய்சரண் தோட்டத்துதுங்க அம்மணி. பண்ணைக்குட்டையில சேறு எடுக்கோணும்னு வாங்கிட்டுப் போனாருல்லங்க? நம்ம சார்தான் கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு வந்தாரு."

"பண்ணைக்குட்டையா?"

"அப்படித்தானுங்க சொன்னாங்க."

சைத்ரா உள்ளே கையை விட்டாள். பம்பின் வெளிக்கூடான கேசிங்கின் உட்சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சின்னச் சிப்பிகள் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருந்தன. நல்ல எஃகு ஷாஃப்ட், வாங்கிப் போய் ஒரு கோடைகூட முடியவில்லை, அதற்குள் அம்மைத் தழும்பு விழுந்தது போல அரித்திருந்தது. தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் இதழ்களுக்கு நடுவில் மூன்று பொருள்கள் சிக்கியிருந்தன. நீலப் பூ வரைந்த பீங்கான் ஓடு ஒன்று, முனையில் இம்பெல்லர் இழுத்த கோட்டோடு. கருகருவென்று இரண்டு மரத்துண்டுகள். அவற்றில் ஒன்றில் இரும்பு ஆணிக்குப் பதிலாக உருண்டையான மர முளை அடித்திருந்தது.

ஆவாரம்பாளையத்தில் அந்தப் பட்டறையை ஆரம்பித்தவர் அவளுடைய மாமனார் வெங்கடபதி. அவர் காலத்துக்குப் பிறகு வார்ப்பு, லேத், டெஸ்ட் எல்லாம் மருமகள் சைத்ராவின் பொறுப்பு. ஆர்டர் பிடிப்பதும் ஊர் சுற்றுவதும் மகன் உதயின் பொறுப்பு. எந்த மண்ணில் எந்த பம்ப் எப்படித் தேயும் என்பது சைத்ராவுக்கு நன்றாகத் தெரியும். உப்புத் தண்ணீர் தின்ற இரும்பு இது. உடுமலையில் உப்புத் தண்ணீர் ஏது?

சாயங்காலம் உதய் வந்ததும் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் குட்டைக்கு நீங்களே போய்த்தானே மாட்டிக் குடுத்தீங்க?"

"ஆமா. ஏன்?"

"குட்டை எவ்வளவு ஆழம் இருக்கும்?"

"அதை யாரு அளந்து பாத்தா? பம்ப் ஓடுச்சு, வந்துட்டேன்." செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

"உள்ளே முழுக்கச் சிப்பியா இருக்குதுங்க."

"குட்டையில சிப்பி இருக்காதா? உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம் சைத்ரா. பால்காரன் சிரிச்சாலும் தண்ணி ஊத்திட்டான்னு பாப்பே."

அவள் ஒன்றைக் கவனித்தாள். எந்தத் தோட்டத்துக்குப் போய் வந்தாலும் அந்தத் தோட்டக்காரர் என்ன சாப்பாடு போட்டார் என்பது வரை கதை சொல்கிற ஆள் உதய். இந்த ஒரு தோட்டத்தைப் பற்றி மட்டும் அவனிடம் கதையே இல்லை.

மறுநாள் சாய்சரணே வந்துவிட்டான். முப்பது வயதுக்குள் இருக்கும். தென்னந்தோப்பு, கொப்பரைக் களம், தேங்காய் நார் ஏற்றுமதி என்று பெரிய கை. கார் டிக்கியிலிருந்து ஒரு குலை இளநீரை இறக்கிவைத்துவிட்டு வணக்கம் சொன்னான்.

"அக்கா, பம்ப் அருமைங்க. ஆனா தாங்க மாட்டேங்குது. அடுத்தது இதைவிடப் பெருசா, துருப்பிடிக்காத உலோகத்துல செஞ்சு குடுங்க. சீக்கிரம் வேணுங்க. காத்து திரும்பறதுக்குள்ள வேலை முடியோணும்."

"குட்டையில சேறு எடுக்கக் காத்து என்னங்க பண்ணும்?"

அவன் இளநீர்க் குலையைச் சற்று நகர்த்தி வைத்தான். பிறகு சிரித்தான். "மழையைத்தான் சொன்னேங்க. தென்மேற்கு ஆரம்பிச்சா குட்டை ரொம்பிப்போகும்ல?" போகிற போக்கில் கேட்பது மாதிரி, "உள்ளே ஏதாச்சும் அடைச்சிருந்துதுங்களா?" என்றான்.

"மண்ணுதானுங்க," என்றாள் சைத்ரா. ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பீங்கான் ஓடும் முளை அடித்த மரத்துண்டும் அவளுடைய அறை ஜன்னலில்தான் இருந்தன. இன்னொரு மரத்துண்டு இம்பெல்லரோடு சேர்த்து ஊறப்போட்ட வாளியிலேயே கிடந்தது.

அவன் பார்வை ஜன்னல் பக்கம் போகிறதா என்று பார்த்தாள். போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதயிடம்தான் போனது. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே சேர்ந்து எழுந்து வாசலுக்குப் போனார்கள்.

அந்த வாரமே ஒரு பெண் வந்தாள். வெயிலில் கறுத்த முகம், கட்டை விரலில் பழைய காயம், தலையில் முக்காடு. பெயர் மெஹராஜ் என்றாள். பல்கலைக்கழகம் ஒன்றின் கடலடித் தொல்லியல் குழுவில் முக்குளித்து ஆய்வு செய்கிறவள் என்று அடையாள அட்டையைக் காட்டினாள். பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சாக இல்லை. இராமநாதபுரத்துச் சாயல் இருந்தது.

"மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க," என்று பையிலிருந்து உடைந்த இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். பம்பையும் ஹோஸையும் இணைக்கிற கப்ளிங். அதன்மேல் வார்ப்பிலேயே பதித்த முத்திரை சைத்ரா பட்டறையின் முத்திரை.

"இது எங்க கிடைச்சது?"

"கடலுக்கு அடியில. தெற்க ஒரு மீனவக் கிராமத்துக்கு நேரா. அங்க ஒரு பழைய கப்பல் கிடக்கு. வியாபாரக் கப்பல். மணல் மூடிக் கிடந்ததால இத்தனை காலம் அப்படியே இருந்துச்சு. போன வருஷம்தான் நாங்க கண்டுபிடிச்சோம். அளந்து படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தோம். இந்த வருஷம் இறங்கிப் பார்த்தா பெரிய பெரிய பள்ளம். யாரோ பம்ப் வச்சு மணலை உறிஞ்சியிருக்காங்க. மணலோட கப்பலையும் சேர்த்து."

சைத்ரா முகத்தை அசைக்காமல் கேட்டுக்கொண்டாள். தங்களுடைய பம்ப் நூறு ஊரில் இருக்கிறது, ஒரு கப்ளிங்கை யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்து வரலாம், அடையாள அட்டையை எந்தக் கடையிலும் அச்சடிக்கலாம். கடலில் கிடப்பதைத் தேடுகிறவர்களில் இவள் எந்தக் கட்சி என்று யாருக்குத் தெரியும்?

"இந்த பம்ப் யாருக்குப் போச்சுன்னு சொல்ல முடியுமா?" என்றாள் மெஹராஜ்.

"வாடிக்கையாளர் விஷயத்தை வெளியில சொல்லறதில்லைங்க."

மெஹராஜ் தலையாட்டினாள். எழுந்தவளின் கண் ஜன்னலில் பட்டது. நீலப் பூப் போட்ட பீங்கான் ஓட்டைத்தான் பார்க்கிறாள் என்று சைத்ரா உஷாரானாள். ஆனால் அவள் போய் நின்றது மரத்துண்டின் முன்னால். இந்தச் சில நாளிலேயே அது நெடுக வெடித்துப் பாதியாகச் சுருங்கி முறுக்கிக்கொண்டிருந்தது. முளை தனியே கழன்று விழுந்து கிடந்தது.

"எப்ப இதைத் தண்ணியிலேர்ந்து எடுத்தீங்க?" என்று அதன் முன் குனிந்தாள்.

"ஏனுங்க? வெறும் மரம்தானே?"

"தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் அது மரம் மேடம். மரத்துக்குள்ள இருந்த சத்தெல்லாம் என்னைக்கோ போயிருச்சு. தண்ணிதான் அதைத் தாங்கிக்கிட்டு நிக்குது. காய்ஞ்சா இப்படித்தான் ஆகும். இனி இதை ஒண்ணும் பண்ண முடியாது." பீங்கான் ஓட்டை எடுத்து அதன்மேல் பூத்திருந்த வெள்ளைப் பொடியைக் காட்டினாள். "உப்பு. உள்ள காய்ஞ்சு காய்ஞ்சு மேல் பூச்சை உரிச்சுரும். நல்ல தண்ணியில போடுங்க. தினம் தண்ணி மாத்துங்க. வேற ஏதாவது இருந்தா அதையும் போட்டு வைங்க."

"நீங்க எடுத்துட்டுப் போகலையா?"

"என்னை உங்களுக்குத் தெரியாதே. தெரியாதவங்ககிட்ட எப்படிக் குடுப்பீங்க?" ஒரு சீட்டில் எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பொருள்களைக் கேட்காமல் போனது சைத்ராவுக்கு மேலும் உறுத்தியது. கேட்டிருந்தால் திருடி என்று முடிவு கட்டியிருக்கலாம். ஓட்டை எடுத்து மரத்துண்டு கிடந்த வாளியிலேயே போட்டாள். மெஹராஜ் எழுதிக் கொடுத்த எண்ணுக்கு அவள் பேசவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் அலுவலக எண்ணைத் தானே தேடி எடுத்து, மெஹராஜ் என்று ஒருவர் உண்டா என்று கேட்டாள். இருக்கிறார், கோயம்புத்தூர் போயிருக்கிறார், வந்ததும் மறுபடி கடலுக்குப் போய்விடுவார் என்றார்கள். அதன் பிறகும் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. வேலையில் இருப்பவர்கள் திருடமாட்டார்களா என்ன?

உதயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் காது கொடுத்துக் கேட்டான். அதுவே புதிதாக இருந்தது.

"இதெல்லாம் ஒரு கூட்டம் சைத்ரா. ஆபீசர்னு சொல்லிட்டு வந்து, எங்கே கிடைக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, அவங்களே போய் அள்ளுவாங்க. நீ எதுவும் சொல்லலையே?"

"சொல்லலைங்க."

"அந்த ஓடு எங்கே?"

"வாளியில."

மறுநாள் வாளியில் மரத்துண்டு இருந்தது. ஓடு இல்லை.

முதலில் அவளுக்கு மஜீத் பாய்மேல் சந்தேகம் வந்தது. வந்த வேகத்திலேயே அது அவளைக் கூச வைத்தது. அவர் எடுப்பதாக இருந்தால் பம்பைப் பிரித்த அன்றைக்கே எடுத்திருக்கலாம். வாளியில் ஓடு இருக்கிறது என்று தெரிந்தவர் வேறு யார்? அந்தப் பெண் பூட்டை உடைத்துக்கொண்டு வரவில்லை. பட்டறையின் சாவி இரண்டுதான். ஒன்று அவளுடைய இடுப்பில்.

அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. உதய் ஈரோட்டுக்குக் கிளம்பிய அன்று, காரை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி வழியாக உடுமலைக்குப் போனாள்.

தோப்பு பெரிய தோப்பு. கொப்பரைக் களத்தில் பெண்கள் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். சாய்சரண் ஊரில் இல்லை, மத்தியானத்துக்கு மேல்தான் வருவார் என்றார்கள். "பம்ப் கம்பெனியிலிருந்து வாரேங்க, குட்டையைப் பாக்கோணும்" என்றாள் சைத்ரா.

"அந்தக் கோடியில இருக்குதுங்க அம்மணி," என்று வழி காட்டினார் ஒரு பெண்.

குட்டை இருந்தது. பொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே இடுப்பளவு கருவேலஞ்செடி முளைத்திருந்தது. அந்தச் செடிகளின் வயதைப் பார்த்தால் எந்த பம்பும் அந்தப் பக்கமே வந்திருக்க முடியாது. 'பம்ப் ஓடுச்சு, வந்துட்டேன்' என்று உதய் சொன்னது நினைவுக்கு வந்தது. சைத்ரா வெயிலில் சிறிது நேரம் அப்படியே நின்றாள்.

திரும்பும்போது களத்து ஓரத்தில் கல் அடுப்பில் டீ கொதித்தது. அடுப்புத் தீயின் ஓரம் பச்சையாக எரிந்தது. சைத்ரா நின்றுவிட்டாள்.

"என்ன விறகுங்க இது?"

"அதென்னமோ தெரியலீங்க அம்மணி. தூத்துக்குடி போற நார் லாரி திரும்பி வாரப்போ மூட்டை மூட்டையாக் கொண்டாந்து எறக்குவாங்க. உள்ளே சிப்பியும் மண்ணும் இறுகிக் கல்லாட்டக் கட்டி கட்டியா இருக்கும். கொட்டகையில வச்சு உடைப்பாங்க. அதுல ஒட்டியிருக்கிற மரத்தை எங்களை எடுத்துக்கச் சொன்னாங்க. காய வச்சா நல்லா எரியுது. பச்சையும் நீலமுமா எரியும். பாக்க அழகா இருக்குதுங்க."

கடல் உப்பு ஊறிய மரம் அப்படித்தான் எரியும். அடுப்புப் பக்கத்தில் குவிந்து கிடந்தது கப்பல். வளைந்த துண்டுகள், துளை போட்ட துண்டுகள், முளையோடு இருந்த துண்டுகள். எல்லாம் சுருங்கி, வெடித்து, அளவாக வெட்டப்பட்டு. கடலில் எடுத்ததை உடைத்துப் பார்ப்பதற்குக் கடலே இல்லாத ஊரைப் பிடித்திருக்கிறார்கள். இங்கே வந்து தேட யாருக்குத் தோன்றும்?

கொட்டகைக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே சம்மட்டியும் நொறுங்கிய கட்டிகளும். சுவரோரம் தேங்காய் நார்மேல் நீலப் பூத் தட்டுகள் அடுக்கடுக்காக. பல தட்டுகளில் பூச்சு செதில் செதிலாக உரிந்து கீழே உதிர்ந்திருந்தது. மேசைமேல் ஒரு பூதக்கண்ணாடி. அதன் பக்கத்தில் அவளுடைய வாளியிலிருந்து காணாமல் போன ஓடு. முனையில் இம்பெல்லர் இழுத்த கோடு இருந்தது. தவறுக்கே இடமில்லை.

செல்போனில் படம் எடுத்து முடித்துப் பைக்குள் வைத்தபோது வெளியே கார் சத்தம் கேட்டது.

"ஏனுங்கக்கா, சொல்லியிருந்தா நானே வண்டி அனுப்பியிருப்பேனே?" சாய்சரண் வாசலை மறித்தமாதிரி நின்றான். சிரிப்பு அப்படியே இருந்தது.

"புது பம்பை எங்க வைக்கறதுன்னு பாக்க வந்தேங்க."

"பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேங்க."

அவன் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான்.

"அக்கா, கடலுக்கடியில கிடக்கிறது யாருக்குங்க சொந்தம்? மணலுக்கடியில கிடந்து மக்கிப்போறதை எடுத்து நாலு பேரு கண்ணுல காட்டறது தப்புங்களா?"

"மணலுக்கடியில மக்கலைங்க," என்றாள் சைத்ரா. "இங்கே வந்துதான் மக்குது."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "உதயண்ணனுக்கு எல்லாம் தெரியுமுங்க. பிரச்சனை பண்ணணும்னா அவரையும் நெனச்சுப் பாத்துட்டுப் பண்ணுங்க." சொல்லிவிட்டு ஒதுங்கி வழி விட்டான். காருக்குப் போகும் வரை அவன் பார்வை அவள் முதுகில் இருந்ததை உணர்ந்தாள்.

பொள்ளாச்சி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி மெஹராஜுக்குப் பேசினாள். முளை அடித்த மரம், தட்டுகள், அடுப்பு எல்லாவற்றையும் சொன்னாள். அடுப்பைப் பற்றிக் கேட்டதும் மெஹராஜ் மெல்ல, "டீ போடவா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் சைத்ராவுக்கு இவள் பொய்க்காரி இல்லை என்று பட்டது.

வீட்டில் உதய் திரும்பியதும் ஓட்டின் படத்தைக் காட்டினாள். அவன் மறுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"முதல்ல எனக்குத் தெரியாது சைத்ரா. சத்தியமா. பம்பை இறக்கி வச்சுட்டுப் போங்க, நாங்களே மாட்டிக்கறோம்னு சொன்னான். பம்ப் திரும்பி வந்தப்புறம்தான் கேட்டேன், சொன்னான். ஓடு இருக்கிறதைச் சொன்னேன். அதைப் பாத்தா எந்தத் தேசத்துச் சாமான்னு தெரியும்னு கேட்டான், எடுத்துக் குடுத்தேன். அவ்வளவுதான்."

"குட்டையில ஓட்டிப் பாத்தேன்னு சொன்னீங்களே?"

"பம்ப் விக்கிறவன், அது எந்தத் தண்ணியை எடுக்குதுன்னு கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா? வேலையில்லாம கிடந்தோம். கேட்டிருந்தா அந்த ஆர்டரும் போயிருக்கும்."

"நான் கேட்டேனே. என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

அவன் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். மெஹராஜ் தகவல் கொடுத்து நாளைக்கு அதிகாரிகள் தோப்புக்குப் போகிறார்கள் என்று சைத்ரா சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று சொன்ன பிறகு தோன்றியது. அவன் தலையைக் குனிந்தபடி "நல்லது" என்றான்.

மறுநாள் போனவர்களுக்குக் கொட்டகையில் தட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உடைந்த கட்டிகளும் அடுப்போரத்து மரமும் நார் தூசியும்தான் மிச்சம். ஆனாலும் சைத்ராவின் செல்போன் படங்கள் இருந்தன. களத்துப் பெண்கள் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். லாரி ஓட்டியவர் படகுக்காரரைக் காட்டிக் கொடுத்தார். படகைப் பிடித்தார்கள், சாய்சரணையும் பிடித்தார்கள். விசாரணையில் "ஆர்டர் எடுத்தது யாரு?" என்று அதிகாரி கேட்டபோது சைத்ரா வாயைத் திறக்கும் முன்பே உதய் "நான்தானுங்க" என்றான். அவன்மேலும் வழக்கு நடக்கிறது.

தட்டுகள் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. சைத்ராவைக் கொட்டகையில் நேரிலேயே பார்த்த சாய்சரண் அன்றே அவற்றை அப்புறப்படுத்தியிருக்கலாம். அதற்கு யாரும் துப்புக் கொடுக்க வேண்டியதில்லை. இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அடுத்த நிமிடமே, அன்று உதய் தலையைக் குனிந்தபடி "நல்லது" என்று சொன்னது ஞாபகம் வரும்.

ஆடி கழிந்து கடல் அடங்கியதும் மெஹராஜ் பேசினாள். கப்பலின் ஒரு பக்கம் முழுக்கப் போய்விட்டது, அடிக்கட்டையும் பின்பக்கமும் மிஞ்சியிருக்கின்றன என்றாள்.

"அதையாச்சும் மேல எடுத்துடுவீங்கல்ல?"

"இல்லக்கா. மணல் மூட்டை அடுக்கித் திரும்ப மூடிட்டோம்."

"கண்டுபிடிச்சதை மறுபடி மூடறதா?" சைத்ராவுக்குள் பழைய சந்தேகம் தலைதூக்கியது. "யாருக்கும் தெரியாம இருக்கோணும்னா?"

மெஹராஜ் சிரித்தாள். "மேல எடுத்தா அதைத் தண்ணியிலேயே வச்சுக் காப்பாத்தணும். வருஷக்கணக்குல. அதுக்கு இடமும் வசதியும் இப்ப எங்ககிட்ட இல்ல. அது வர்ற வரைக்கும் மணலுக்குள்ள இருக்கறதுதான் அதுக்குப் பத்திரம். நீங்க ஒருநாள் வாங்க. படகுல கூட்டிட்டுப் போறேன். பார்க்க ஒண்ணும் இருக்காது, வெறும் தண்ணிதான்."

"வாரேனுங்க," என்றாள் சைத்ரா.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அதை உதயிடம் சொன்னாள். கூட வரலாமா என்று கேட்டான். அவள் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். கப்பல் கிடக்கும் இடம் இன்னும் மிகச் சிலருக்குத்தான் தெரியும்.

"என்னை இன்னும் நீ நம்பலை," என்றான்.

"நம்போணும்னுதாங்க இருக்குது," என்றாள். ரசத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். "ஆனா இந்தத் தடவை நான் மட்டும் போயிட்டு வாரேன்."